கணித மேதை இராமானுஜன் வாழ்வும் நம் பிள்ளைகளின் பாடத் தேர்வும்

 

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாட்களில், அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஒரு கேள்வி வந்து சேரும். பதினோராம் வகுப்பில் பிள்ளையை எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது என்பதே அக்கேள்வி. கணினி படிக்க வேண்டும் என்பதில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இருப்பதில்லை. கணிதம் மட்டும் வேண்டாம் என்பதிலும் இருவரும் ஒன்றுபட்டே நிற்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவின் மாணவர் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். கணினி அறிவியல் இருந்து, கணிதம் இல்லாத ஒரு பாடப்பிரிவை அவர் விரும்பினார். பிள்ளை எளிதாகப் படிக்கக் கூடியதையே படிக்கட்டும் என்று நாமும் ஆலோசனை கூறினோம். பன்னிரண்டாம் வகுப்பில் அவர் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆயினும் கணினிப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் வேளையில்தான், கணிதம் படிக்காதவருக்கு அக்கதவு திறக்காது என்பது அவருக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவர் இன்று வேறொரு துறையில் நலமாக இருக்கிறார். எனினும், அன்று மாலை அவர் முகத்தில் கண்ட வாட்டத்தை நாம் மறக்கவில்லை. அறியாத ஒன்றில் ஆலோசனை சொன்னது நம் பிழை. அப்பிழைக்குப் பரிகாரமாகவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

பாடத் தேர்வு ஒரு மனிதரின் வாழ்வை எப்படி உடைக்கவும் உயர்த்தவும் செய்யும் என்பதற்கு, நம் தமிழ் மண்ணில் பிறந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களின் வாழ்க்கையை விடச் சிறந்த பாடம் வேறில்லை. அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆனால் அறிவு எவரிடம் இருந்தாலும் அதைத் தேடிப் பெறுவது நம் முன்னோர் வழியாகும்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

இராமானுஜன் அவர்கள் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார்கள். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். தாயார் கோமளத்தம்மாள். குறைந்த வருமானமுடைய குடும்பம் என்பதால் வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்து உணவளித்தும் குடும்பம் நடந்தது.

1897 ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளித் தேர்வில், ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு ஆகிய பாடங்களில் மாவட்டத்திலேயே முதல் மாணவராக அவர் தேறினார். இதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் பிற பாடங்களில் தோற்ற அதே மனிதர், பத்து வயதில் எல்லாப் பாடங்களிலும் முதலிடத்தில் இருந்தார். எனவே அறிவுக் குறைவு அவரது தோல்விக்குக் காரணமன்று.

1898 இல் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பயிலும்போது, பதினாறாம் வயதையொட்டி, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 சூத்திரங்களை வரிசையாக அடுக்கி, விளக்கம் மிகக் குறைவாகத் தந்திருந்த நூல் அது. தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்காக எழுதப்பட்ட அந்நூலின் ஒவ்வொரு சூத்திரத்தையும் இராமானுஜன் தாமே மெய்ப்பித்துப் பார்க்கத் தொடங்கினார். தாள் வாங்கப் பணம் போதாத நிலையில் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்துகொண்டார். 1904 இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது கணிதத்துக்கான பரிசும், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயில உதவித்தொகையும் அவருக்குக் கிடைத்தன.

ஒரே பாடத்தால் வந்த தோல்வி

அக்காலத்தில் கல்லூரியின் முதற்கட்டப் படிப்பை எஃப்.ஏ. என்பர். இக்காலத்து மேல்நிலை வகுப்புக்கு ஓரளவு ஒப்பானது. அதில் கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், உடலியல், ரோம கிரேக்க வரலாறு ஆகியனவும் இருந்தன. எல்லாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. இன்றுபோல் பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் வாய்ப்பு அன்று மிகக் குறைவு.

வாய்ப்பில்லாத இடத்தில் இராமானுஜன் தாமே ஒரு தெரிவைச் செய்துகொண்டார். கணிதத்தைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்பதே அது. பிற பாட வகுப்புகளிலும் கணிதமே போட்டுக்கொண்டிருந்தார். விளைவு, ஆங்கிலத்தில் தோல்வியுற்றார். உதவித்தொகை பறிபோனது. அத்தொகை இல்லாமல் கல்லூரிக் கட்டணம் செலுத்தக் குடும்பத்தால் இயலவில்லை. 1905 ஆகஸ்டில் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். தேடி அழைத்துவரும்வரை பெற்றோர் பட்ட துயரத்தைச் சொல்லத் தேவையில்லை.

1906 இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். அங்கும் உடலியல் அவருக்குக் கைவரவில்லை. இடையில் நோயும் வாட்டியது. 1906 இறுதியில் எழுதிய தேர்விலும், மறு ஆண்டு தனியாக எழுதிய தேர்விலும் தோல்வியே கண்டார். எஃப்.ஏ. கூடத் தேறாதவர் என்ற பெயரே அவருக்கு மிஞ்சியது. பட்டம் இல்லை, பணி இல்லை. 1909 இல் ஜானகி அம்மையாருடன் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

இன்று நம் பிள்ளைகள் பிற பாடங்களை வைத்துக்கொண்டு கணிதத்தை விடுகிறார்கள். இராமானுஜன் கணிதத்தை வைத்துக்கொண்டு பிற பாடங்களை விட்டார். திசை வேறாயினும் முடிவு ஒன்றே. பதினைந்து, பதினாறு வயதில் விட்ட பாடம், பின்னாளில் அடைத்த கதவாக வந்து நிற்கிறது.

திருக்கோவிலூர்ப் பயணம்

1910 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வேலை தேடி இராமானுஜன் திருக்கோவிலூருக்குச் சென்றார். அவ்வூர் நமக்குத் தொலைவானதன்று. அதன் அருகே ஓடிவரும் தென்பெண்ணையின் நீர்தான் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நம் பாகூர் ஏரிக்கு வந்து சேருகிறது. அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். தம் அலுவலகத்தில் சிறியதோர் எழுத்தர் பணி கிடைக்குமா என்று கேட்டே இராமானுஜன் சென்றார்.

அவர் கையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர் அப்பணியைத் தரவில்லை. இத்தகைய திறமையை வருவாய்த் துறையின் கடைநிலை மேசையில் முடக்கிவிடுவது தகாது என்று கருதி, சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். மறுத்ததே பேருதவியாயிற்று. அக்கடிதங்களின் தொடர்ச்சியாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவை இராமானுஜன் சந்தித்தார். முதலில் ஐயுற்ற ராவ், சில சந்திப்புகளுக்குப் பின் தெளிந்து, மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து ஆராய்ச்சியைத் தொடரச் செய்தார். 1911 இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று.

பிறர் பணத்தில் வாழ மனம் ஒப்பாமல், 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும், தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் திறமையை உணர்ந்து ஊக்கமளித்தனர். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இரு அறிஞர்களுக்கு அனுப்பியவை பயன் தரவில்லை. ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணித அறிஞர் என்று முடிவு செய்தார். அதன் பயனாக, பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

கேம்பிரிட்ஜில் கற்றுக்கொண்டது

1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார். கடல் கடப்பதைக் குடும்பத்தார் ஆகாது என்று எண்ணிய காலம் அது. தாயாரின் சம்மதம் பெறுவதே பெரும்பாடாயிற்று.

இங்கே கணினி பயில விரும்பும் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இராமானுஜன் முடிவுகளைக் கண்டுபிடிப்பதில் நிகரற்றவர். ஆனால் அம்முடிவு எல்லா எண்களுக்கும் பொருந்துமா என்று படிப்படியாக மெய்ப்பிக்கும் முறை அவருக்கு முழுமையாகக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. ஹார்டிக்கு எழுதிய முதற் கடிதங்களில், பகா எண்களின் எண்ணிக்கை குறித்து அவர் கூறியது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. சிறிய எண்களுக்கு அது நன்றாகவே பொருந்தியது. மிகப் பெரிய எண்களில் பிழைத்தது. மெய்ப்பிக்கும் ஒழுங்கைக் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடமும் லிட்டில்வுட்டிடமும் அவர் பயின்றார். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளே அவருக்கு உலகப் புகழைத் தந்தன.

கணினிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதே நிலைதான். பத்து முறை சரியாக ஓடிய நிரல், பதினோராவது முறை தவறான விடையைத் தரலாம். எப்போதும் சரியாகவே ஓடும் என்று காட்டுவதற்குத் தர்க்கமும் கணிதமும் வேண்டும். பள்ளியில் வடிவியல் தேற்றங்களை நிறுவும் பயிற்சி, பலருக்கும் வீண் வேலையாகத் தோன்றுகிறது. உண்மையில் நிரலாளருக்குத் தேவையான ஒழுங்கு அங்கேதான் தொடங்குகிறது.

1916 இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவர் பட்டதாரியானார். 1918 இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராக, இந்தியர்களில் இரண்டாமவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவான முதல் இந்தியரும் ஆனார்.

ஆனால் போர்க்காலப் பஞ்சமும், குளிரும், சைவ உணவு கிடைக்காத நிலையும், தனிமையும் உடலைச் சிதைத்தன. 1917 முதல் மருத்துவமனைகளில் காலம் கழிந்தது. 1919 இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் தம் 32 ஆம் வயதில் காலமானார். இறுதி மாதங்களில் படுக்கையிலிருந்தபடியே எழுதிய தாள்கள், 1976 இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பட்டன. இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 ஐ இந்திய அரசு தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறது.

கணினிக்கு முன்பே கணினிக்கு உதவியவர்

இராமானுஜன் மறைந்தபோது இன்றைய மின்னணுக் கணினி பிறக்கவே இல்லை. ஆயினும் அவர் கணிதம் இன்று கணினிகளில் பயன்பட்டு வருகிறது. எளிய உதாரணம் ஒன்றைக் கூறுவோம்.

4 என்னும் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4 என அப்படியே வைக்கலாம். 3, 1 எனலாம். 2, 2 எனலாம். 2, 1, 1 எனலாம். 1, 1, 1, 1 எனலாம். ஆக 5 விதம். 5 என்னும் எண்ணுக்கு 7 விதம். 10 க்கு 42 விதம். 100 க்கோ 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். 200 க்கு ஏறத்தாழ 4 இலட்சம் கோடி விதம். இவ்வெண்ணிக்கையை நேராகக் காட்டும் வழியை இராமானுஜனும் ஹார்டியும் 1918 இல் வெளியிட்டனர். மக்மகான் என்பவர், ஆய்லர் வகுத்த பழைய முறைப்படி 200 வரை கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்த பட்டியலோடு அதை ஒப்பிட்டனர். விடைகள் பொருந்தின.

இப்போது இதைக் கணினியிடம் கொடுப்போம். கணிதம் அறியாத ஒருவர், ஒவ்வொரு பிரிவையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணும்படி நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு கோடி பிரிவுகளை எண்ணும் கணினியாயினும், 200 என்ற எண்ணுக்கு நான்கரை நாட்கள் ஓட வேண்டும். 400 என்ற எண்ணுக்கு இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். கணிதம் அறிந்தவரோ ஆய்லரின் முறையைச் சில வரிகளில் நிரலாக்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் விடை பெற்றுவிடுவார். இருவர் முன்னும் இருப்பது ஒரே இயந்திரம்தான். வேறுபாடு அவர்கள் படித்த கணிதத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் 'பை' என்பர். அதைக் கணக்கிட இராமானுஜன் 1914 இல் வெளியிட்ட சூத்திரங்களில் ஒன்றைக் கொண்டு, 1985 இல் பில் கோஸ்பர் என்ற அமெரிக்கர் கணினியில் ஒரு கோடியே 75 இலட்சம் இலக்கங்கள் வரை கண்டறிந்தார். அது அன்றைய உலகச் சாதனை. பின்னர் சுத்னோவ்ஸ்கி சகோதரர்கள் அதே வழியில் இன்னும் விரைவான சூத்திரத்தை அமைத்தனர். மேலும், குறைந்த இணைப்புகளைக் கொண்டு நிறைந்த தொடர்பைத் தரும் வலையமைப்புகளைக் கணினி அறிவியலார் இராமானுஜன் பெயராலேயே அழைக்கின்றனர். 1988 இல் அவற்றை அமைத்துக் காட்டிய அறிஞர்கள், அவர் 1916 இல் விட்டுச்சென்ற ஊகத்தின் மீதே அதைக் கட்டினர்.

நம் பாடசாலைக்கும் உள்ள உறவு

கணினித் துறையில் நாள்தோறும் வழங்கும் அல்காரிதம் என்ற சொல், பக்தாதில் கலீஃபா மஃமூன் காலத்தில் வாழ்ந்த அறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அவர்களின் பெயரிலிருந்து வந்ததாகும். இந்நாட்டின் எண்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, அவர் பெயரே கணக்கிடும் முறைக்குப் பெயராயிற்று. அல்ஜீப்ரா என்ற சொல்லும் அவரது அல்ஜப்ர் நூலிலிருந்தே வந்தது. அந்நூலின் பெரும்பகுதி, வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மதரஸாவில் ஃபராயிள் பயின்றபோது நாம் போட்ட ஒரு கணக்கைக் கூறுவோம். ஒருவர் இறக்கிறார். மனைவி, இரு பெண்மக்கள், தாய், தந்தை இருக்கின்றனர். மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம். இவற்றை 24 என்ற பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்தால் 3, 16, 4, 4 என்றாகும். கூட்டினால் 27 வருகிறது. 24 பங்குள்ள சொத்தில் 27 பங்கு கொடுப்பது எங்ஙனம்? சொத்தை 27 ஆகவே பிரித்து, ஒவ்வொருவருக்கும் அதே எண்ணிக்கையைக் கொடுத்துவிடுவது சட்டம். இதனை அவ்ல் என்போம். பங்குகளை எழுது, பொதுப் பகுதியைக் காண், கூட்டு, மிகுந்தால் பகுதியை மாற்று, பிறகு பகிர் என்ற இவ்வொழுங்கான படிவரிசைதான் அல்காரிதம். கணினிக்குச் சொல்ல வேண்டியதும் இவ்வளவே.

எனவே நம் பிள்ளைகளுக்குக் கணிதம் வராது என்று எவரும் சொல்ல வேண்டாம். நாம் கூட, கிதாபுகளில் ஆழ்ந்த காலத்தில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டோம் என்ற ஏக்கம் இன்றும் உண்டு.

பெற்றோர் அறிய வேண்டியவை

நம் புதுவை அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. இம்மாற்றத்தால் கணிதத் தெரிவு முன்பை விட ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது.

முதலாவது, பத்தாம் வகுப்பில் கணிதம் ஸ்டாண்டர்டு, பேசிக் என இருவகையாக உள்ளது. பாடம் இரண்டுக்கும் ஒன்றே. பேசிக் வினாத்தாள் எளிதாக இருக்கும். ஆனால் அது மேலே கணிதம் படிக்க விரும்பாதவர்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. அதை எழுதியவர் பதினோராம் வகுப்பில் முழுக் கணிதம் எடுக்க விதியில் தடை உண்டு. சில ஆண்டுகளில் வாரியம் இதில் தளர்வு அளித்திருக்கிறது. தளர்வை நம்பிப் பிள்ளையின் எதிர்காலத்தை வைப்பது முறையன்று. கணினி நாட்டமுள்ள பிள்ளை ஸ்டாண்டர்டு கணிதத்தையே எழுதட்டும்.

இரண்டாவது, பதினோராம் வகுப்பில் கணிதம் என்றும், அப்ளைடு கணிதம் என்றும் இரண்டு உண்டு. அப்ளைடு கணிதம் வணிகவியல், பொருளியல் பக்கம் செல்வோரை எண்ணி அமைக்கப்பட்டது. அது பயனுள்ள பாடமே. எனினும் கணினிப் பொறியியலை நாடுவோர் முழுக் கணிதத்தையே எடுக்க வேண்டும். பி.சி.ஏ. போன்ற படிப்புகளில் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். சேருமுன் விதியை எழுத்தில் பார்த்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, பாடப்பிரிவின் பெயரில் கணினி இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். பள்ளியில் கணினி அறிவியல் படிக்காதவர், கல்லூரியில் முதலாண்டிலேயே நிரல் மொழியைக் கற்றுக்கொள்ள இயலும். கணிதத்தை விட்டவர் அதைக் கல்லூரியில் பிடிப்பது மிகக் கடினம். அணிகள், நிகழ்தகவு, வரிசைமாற்றம், கணங்கள் என்று பள்ளியில் படிப்பவையே பின்னர் படங்களைக் கையாளவும், தகவலைத் தேடவும், செயற்கை நுண்ணறிவுக்கும் அடிப்படையாகின்றன. வங்கிப் பணம் அலைபேசியில் பாதுகாப்பாகச் செல்வதற்கும் எண் கணிதமே காவலாக நிற்கிறது.

நான்காவது, கணிதம் உயர்ந்தது என்பதால் ஆங்கிலத்தையும் பிற பாடங்களையும் புறக்கணிக்க வேண்டாம். இராமானுஜன் இழந்த ஆண்டுகள் அதற்குச் சாட்சி. மனமாரக் கணிதம் வேண்டாத பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம். எல்லோரும் கணினி படித்தாக வேண்டும் என்பதில்லை. அறியாமையால் கதவு அடைபடக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

ஜமாஅத்தின் கடமை

இராமானுஜன் வாழ்வில் நம் நெஞ்சைத் தொடுவது அவரது மேதைமை மட்டுமன்று. தேர்வில் தோற்றுத் திரிந்த ஓர் இளைஞரின் குறிப்பேட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்த சிலர் இருந்தார்கள். திருக்கோவிலூரில் ஒரு துணை ஆட்சியர், நெல்லூரில் ஓர் ஆட்சியர், துறைமுகத்தில் ஒரு கணக்கர், கடலுக்கு அப்பால் ஒரு பேராசிரியர். இவர்களில் ஒருவர் கைவிட்டிருந்தாலும் அக்குறிப்பேடு கும்பகோணத்து வீட்டுப் பரணில் மக்கிப் போயிருக்கக்கூடும்.

நம் கரியமாணிக்கத்திலும் அத்தகைய குறிப்பேடுகள் இருக்கலாம். அவற்றைப் புரட்டிப் பார்ப்பவர் நாமாக இருக்க வேண்டும். ஆகவே ஜமாஅத் நிர்வாகக் குழுவுக்கு இரு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆண்டுக்கொருமுறை அமரவைத்து, கல்லூரியில் பயிலும் நம் மஹல்லா மாணவர்களைக் கொண்டே பாடத் தெரிவை விளக்க வேண்டும். ஞாயிறுதோறும் மக்தப் முடிந்தபின் ஒரு மணி நேரம், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் பயிற்சியளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு கரும்பலகையும், பொறுமையும் போதும். அவ்வகுப்பின் முதல் நாளில், விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர நாமும் வந்து அமர்வோம், இன்ஷா அல்லாஹ்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்களைச் சரியான வழியில் நடத்தும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.